இன்னும் ஆறு தோட்டா

பிப்ரவரி 9, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து இத்தோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு வேண்டாம். மாமாவுக்கு வேண்டவே வேண்டாம். மஸ்கட்டில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு பக்கத்தைக்கூடப் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள், அவர் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். என் பெயர் கார்குழலி. ஒன்பதாம் வகுப்பு. வெளியில் இருந்து பார்த்தால் இது புவியியல் நோட்டு. முதல் பதினெட்டுப் பக்கம் உண்மையிலேயே புவியியல்தான்.

இன்று எங்கள் வீட்டுக்கு ஒரு ரிவால்வர் வந்தது.

அம்மா அரசு மருத்துவமனையில் டாக்டர். பிரேதப் பரிசோதனையும் செய்வாள். போன ஆகஸ்டில், கல்குவாரியில் லாரிகளை எடை போடும் செல்லையா என்பவர் பள்ளத்தில் செத்துக் கிடந்தார். கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று குவாரிக்காரர்கள் சொன்னார்கள். கழுத்தில் கயிறு இறுகிய தடம் இருக்கிறது, விழுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்று அம்மா எழுதினாள். அம்மா செய்தது அவ்வளவுதான். அதன் பிறகு எங்கள் கார் டயரை இரண்டு முறை கிழித்தார்கள். ஒருவன் மருத்துவமனைக்கே வந்து, "வழுக்கி விழுந்தான்னு எழுதினா ஒங்க பேனா தேஞ்சா போயிரும் டாக்டரம்மா?" என்று கேட்டிருக்கிறான். "தேயாது. ஆனா எழுதாது" என்றாளாம் அம்மா.

ஏப்ரல் 7ஆம் தேதி கோர்ட்டில் அம்மா சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை கூடவே இருப்பதற்குப் போலீசில் இருந்து சொர்ணம் அக்காவை அனுப்பியிருக்கிறார்கள். ரிவால்வருக்காக ஐந்து மாதம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள் அம்மா. இருபத்தைந்து தோட்டா வைத்துக்கொள்ள லைசென்சில் எழுதியிருக்கிறது. இருபத்தைந்தும் ஒரு சின்னப் பெட்டியில், வரிசையாக, உதட்டுச் சாயக் குச்சிகள் மாதிரி நிற்கின்றன.

எங்கள் வகுப்பில் வேறு யார் அம்மாவிடமும் ரிவால்வர் கிடையாது. இதை யாரிடமும் சொல்ல முடியாதே என்பதுதான் வருத்தம்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் தோசை ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. பேச்சிமுத்து மாமா அம்மாவுக்கு மூத்தவர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். டயர் கிழிந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நேற்று கடைத்தெருவில் தையற்காரரிடம் சொல்லி, தடித்த துணியில் ஆறு சின்ன வளையம் வைத்த பட்டி ஒன்று தைத்து வாங்கி வந்திருக்கிறார். வளையத்துக்கு ஒரு தோட்டா. துப்பாக்கிக்குள் ஆறு, இடுப்பில் கூடுதலாக ஆறு.

"ஏட்டி ஆவுடை, இத வெள்ளக் கோட்டுக்கு உள்ள கட்டிக்க. ஒரு பயலுக்கும் தெரியாது."

"எதுக்குண்ணே?"

"எதுக்காவா? ஆறும் தீந்து போச்சுன்னு வையி. அப்பம் என்ன செய்வ? ஸ்டெதஸ்கோப்ப எடுத்து எறியப் போறியா?"

"ஆறு வெடிச்ச பெறவும் நான் அங்கயே நின்னுக்கிட்டு இருந்தேம்னா என் மேலதான் தப்பு. ஓடிருக்கணும்லா? நான் என்ன எல்லையிலயா நிக்கேன்? ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து கார் வரைக்கும் நாப்பது அடி."

"தோட்டா ஈரம் பட்டா வெடிக்காது. ஆறுல ரெண்டு சதி பண்ணும். நான் கண்ணால பாத்தவன்."

"ஒரு குண்டு உள்ள போனா என்ன ஆவும்னு நானும் கண்ணால பாத்தவதான். மேசையில கெடத்தி வெளிய எடுக்கவ நான்தானே. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. ஆறு பேரச் சொமக்கதே எனக்குப் பாரமா இருக்கு, இன்னும் ஆறு பேரா?"

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மக்கா."

நான் சட்னி வேண்டும் என்றேன்.

சொர்ணம் அக்கா வாசலில் இருந்தபடியே, "எங்கிட்ட இருக்கது லத்தி. அதுக்கு எக்ஸ்ட்ரா எல்லாம் தேவப்படாது அண்ணாச்சி" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். மாமா பட்டியைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இங்கே மட்டும் சொல்கிறேன். நான் மாமா கட்சி.

பிப்ரவரி 14, சனி

மின்விசிறி அம்மா அறையில்தான் நன்றாகச் சுற்றுகிறது. அதனால் இனிமேல் அங்கே படுக்கிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ரைஃபிள் கிளப்புக்குப் போனோம். என்னை வெளியே பெஞ்சில்தான் உட்காரச் சொன்னார்கள், ஆனால் கம்பி வேலி வழியாக நன்றாகத் தெரிந்தது. சுடுவதற்கு அங்கேயே தோட்டா கொடுத்தார்கள். அம்மா காதில் அடைப்பானை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றாள். அறுவைக்கு நிற்கும்போதும் அப்படித்தான், செருப்பு இல்லாமல் நின்றால்தான் கை ஆடாதாம். எனக்கு அழுகை வந்தது. தூசியாக இருக்கும்.

ஆறில் ஐந்துதான் வெடித்தது. நாலாவது வெறும் 'டிக்'.

மாமா துள்ளினார். "சொன்னேம்லா! சொன்னேம்லா!"

அம்மா நிதானமாகத் திரும்பவும் விசையை இழுத்தாள். உருளை சுற்றி, அடுத்தது வெடித்தது. "அதுக்குத்தானே இது சுத்துது?" என்றாள். ஐந்தும் அட்டையில் பட்டிருந்தது. ஒன்று நடுவிலேயே. கிளப்பில் இருந்த பெரியவர் ஒருவர், "டாக்டரம்மா கை ஊசி போட்டுப் பழகின கையில்லா" என்றார்.

திரும்பி வரும் வழியில் கரும்புச்சாறு குடித்தோம். அந்த ஓட்டை விழுந்த அட்டையை நான் கேட்டேன், அம்மா தரவில்லை.

மார்ச் 2, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை. கணக்குத் தேர்வு பரவாயில்லை. வயிற்றுவலி, அதனால் சாப்பிடவில்லை. பள்ளி விட்டதும் சைக்கிளை எடுக்காமல், தமிழ் மிஸ்ஸின் ஆட்டோவில் வந்துவிட்டேன். சைக்கிளில் காற்று இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஒரு காரியம் செய்தேன். தப்பா சரியா என்று தெரியவில்லை. ஆனால் என்னால் முடிந்தது இதுதான்.

அம்மா குளிக்கப் போகும்போது சாவிக்கொத்தை சாமி படத்துக்குக் கீழே வைப்பாள். பீரோவின் உள்ளறையைத் திறந்தேன். ரிவால்வரைத் தொடவில்லை, சத்தியம். அதில் ஆறு எப்போதும் இருக்கும். பெட்டியில் பத்தொன்பது. கடைசி வரிசையில் இருந்து ஆறை எடுத்தேன். கையில் வைத்ததும் சில்லென்று இருந்தது, நினைத்ததைவிடக் கனம்.

எங்கே வைப்பது என்றுதான் யோசித்தேன். அம்மாவின் கைப்பைக்குள் பணப்பை, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு என்று எல்லாவற்றையும் அம்மா தினமும் திறப்பாள். என்னிடம் நாப்கின் வைக்கும் துணிப் பை ஒன்று இருக்கிறது, நீலம், நானே நூலால் கிளிப்பூ போட்டுத் தைத்தது. எனக்கு அவசரத்துக்கு ஆகட்டும் என்று அதே மாதிரி ஒன்றை அம்மாவும் தன் பையின் ஜிப் அறையில் வைத்திருப்பாள். அதை அவள் திறப்பதே இல்லை. இரண்டு நாப்கினுக்கு நடுவில் ஆறையும் வைத்து மூடினேன். ஆண்பிள்ளை எவனும் அதைத் தொடமாட்டான். சமயம் வந்தால் நான் அம்மாவிடம் கத்திச் சொல்வேன், கிளிப்பூப் பை, கிளிப்பூப் பை என்று.

சமயம் வரும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது? அது இப்போதுதான் தோன்றுகிறது.

ஆனாலும் பெருமையாக இருக்கிறது. இந்த வீட்டில் அம்மாவுக்குப் பன்னிரண்டு இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

பன்னிரண்டு போதுமா?

மார்ச் 16, திங்கள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். எனக்கு இதனால் என்ன என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். மாமாதான் தட்டை அப்படியே தள்ளிவைத்தார். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டுமாம், தோட்டாவோடு. ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்களாம். ஏப்ரல் 7 அதற்கு முன்னால் வருகிறது.

சொர்ணம் அக்காவையும் தேர்தல் வேலைக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள்.

"விலக்கு கேட்டு எழுதிக் குடு ஆவுடை" என்றார் மாமா.

"குடுத்தாச்சு. கமிட்டி கூடித்தான் சொல்லுவாங்களாம். அதுவரைக்கும் ஒப்படைக்கணும்."

"குவாரிக்காரன் அருவாள ஒப்படைப்பானா?"

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

மார்ச் 19, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து அம்மா மத்தியானம் வீட்டுக்கு வந்து, பீரோவில் இருந்து ரிவால்வரையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மாமாவோடு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. யாரும் தொடாத பெட்டியில் எண்ணிக்கை எப்படிக் குறையும்? நான் பள்ளியில் இருந்தேன். தோட்டா என் நினைவிலேயே இல்லை. துப்பாக்கி போகிறதே என்று மட்டும்தான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

இன்ஸ்பெக்டர் எண்ணினாராம். துப்பாக்கியில் ஆறு, பெட்டியில் பதின்மூன்று. பத்தொன்பது. லைசென்ஸ் புத்தகத்தில் இருபத்தைந்து வாங்கியதாக இருக்கிறது, சுட்டதாக எதுவும் இல்லை. "மீதி ஆறு எங்க டாக்டர்?" அம்மாவுக்குத் தெரியவில்லை. வீட்டில் பார்க்கிறேன் என்றாளாம். அவர் பையைக் காட்டச் சொன்னார். பெண் ஏட்டைக் கூப்பிட்டார்கள். வந்தது சொர்ணம் அக்கா.

கிளிப்பூப் பையைத் திறந்ததும் சொர்ணம் அக்காவுக்கு வேர்த்துவிட்டது என்றார் மாமா. ஆறு தோட்டாவும் மேசை மேல் உருண்டன. அம்மா அந்தப் பையை ஒரு நிமிடம் பார்த்தாளாம். பிறகு, "நான்தான் வச்சேன்" என்றாளாம்.

அம்மா பொய் சொன்னாள். ஒரு வார்த்தை மாற்றி எழுத மாட்டேன் என்று இத்தனையும் பட்ட அம்மா, எனக்காக, மேசைக்கு முன்னால் நின்று பொய் சொன்னாள்.

மாமா இதைச் சொல்வதற்காகவே பள்ளிக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. "வாக்குமூலம் எழுதிக்கிட்டு இருக்காவ. ஒப்படைக்காம மறைச்சு வச்சான்னு கேஸ் ஆச்சுன்னா, கோர்ட்டுல அவனுவ வக்கீலு உங்கம்மையப் பொய் சாட்சின்னு ஆக்கிருவான். செல்லையா கேசு அத்தோட போச்சு" என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "நீ வரணும்னு நான் சொல்லல மக்கா."

நான் மாமாவின் பைக்கில் ஏறினேன்.

ஸ்டேஷனில் என் பின்னல் ஒன்று அவிழ்ந்திருந்தது. அது எனக்கு ஏன் ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "ஏளா, நீ எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ."

"நான்தான் வச்சேன் சார்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், ஆனால் எனக்கே கேட்கவில்லை. அதனால் மறுபடியும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா வச்ச?"

அப்போது இதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. மார்ச் இரண்டாம் தேதி பள்ளி வாசலில் பைக்கில் ஒருவன் நின்றான். "டாக்டரம்மா மவதானே? சைக்கிள் நல்லாருக்கே" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. என் சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனான்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள் அம்மா. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"சொன்னா நீ கோர்ட்டுக்குப் போகமாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயந்தேன்."

இதைச் சொல்லும் வரை எனக்கே தெரியாது. எனக்கு இவ்வளவு நாளாக இருந்த பெரிய பயம் அதுதான்.

சொர்ணம் அக்கா என் பின்னலைப் பின்னிவிட்டார், ஸ்டேஷனுக்கு நடுவில், சீருடையோடு. இன்ஸ்பெக்டர் எழுதியதைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. "டாக்டர் சொன்னதும் இருக்கும், பாப்பா சொன்னதும் இருக்கும். ரெண்டையும் எழுதுறேன்" என்றார். பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் தோட்டா வைத்ததற்கு அம்மாவுக்கு எச்சரிக்கை எழுதினார். பைக்கில் வந்தவனைப் பற்றித் தனியாக ஒரு புகார் வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது என் பேனாவில் மை இல்லை, அவருடையதைத் தந்தார்.

மார்ச் 20, வெள்ளி

அம்மா இன்னும் திட்டவில்லை. காலையில் எனக்குத் தலை வாரும்போது மட்டும் சீப்பை நிறுத்தி, "சமயம் வந்திருந்தா அந்தப் பைய எப்படித் திறப்பேன்னு நெனச்ச?" என்று கேட்டாள்.

"நான் கத்துவேன்."

"எங்க இருந்து? ஸ்கூல்ல இருந்தா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அம்மா ரொம்ப நேரம் என் தலையைப் பிடித்தபடியே நின்றாள்.

ஏப்ரல் 1, புதன்

கமிட்டியில் இருந்து கடிதம் வந்தது. விலக்கு இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அம்மா இன்று சாட்சிக் கூண்டில் இரண்டே முக்கால் மணி நேரம் நின்றாள். நானும் மாமாவும் கடைசி பெஞ்சில். செல்லையாவின் மனைவி எங்களுக்கு முன் பெஞ்சில் இருந்தார். அவர் திரும்பி எங்களைப் பார்க்கவே இல்லை, ஆனால் தண்ணீர் பாட்டிலை மட்டும் பின்னால் நீட்டினார்.

போகும்போது அம்மாவிடம் ஒன்றும் இல்லை. துப்பாக்கி இல்லை, சொர்ணம் அக்கா இல்லை. காரில் இருந்து கோர்ட் படி வரை அம்மாவின் இடது பக்கம் நான், வலது பக்கம் மாமா. குவாரிக்காரர்களின் ஆட்கள் டீக்கடையில் நின்று பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

கயிற்றுத் தடம், எலும்பு, நேரம் எல்லாவற்றையும் அம்மா சொல்லி முடித்த பிறகு, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மெதுவாகப் பேசுபவர். நான் நினைத்ததையேதான் எடுத்தார்.

"மார்ச் பத்தொன்பதாம் தேதி நீங்க ஒப்படைச்சது எத்தனை தோட்டா, டாக்டர்?"

"பத்தொன்பது."

"இருக்க வேண்டியது?"

"இருபத்தஞ்சு."

"மீதி ஆறு உங்க கைப்பையில ஒளிச்சு வச்சிருந்தது. நீங்கதான் வச்சதா போலீஸ்ல சொன்னீங்க. அது உண்மையா?"

"இல்ல. பொய்."

வக்கீல் சிரித்தபடி நீதிபதியைப் பார்த்தார். "குறிச்சுக்கணும், கனம் கோர்ட்டார் அவர்களே. போலீஸ் முன்னால பொய் சொன்னதைச் சாட்சியே ஒப்புக்கிடுதாங்க. அப்படிப்பட்டவங்க எழுதின அறிக்கைய நாம நம்பணுமாம்."

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என்னால்தான். எல்லாம் என்னால்தான்.

அம்மா நீதிபதியைப் பார்த்துப் பேசினாள். "வச்சது என் மக. பயத்துல வச்சிருக்கா. அவளக் காப்பாத்த நான் பொய் சொன்னேன். அவ தானா வந்து உண்மையச் சொல்லிட்டா. ரெண்டும் ஸ்டேஷன்ல எழுதி இருக்கு. நான் பொய் சொல்லவே மாட்டேன்னு சொல்லல. ஒரு தடவ சொன்னேன், என் பிள்ளைக்காக. செல்லையா எனக்கு யாரும் இல்ல. அவருக்காக நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

வக்கீல் உட்காராமல் தன் காகிதங்களைப் புரட்டினார். நீதிபதி, "மகளுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். பதினாலு என்றாள் அம்மா. அவர் எதையோ எழுதிக்கொண்டார். செல்லையாவின் மனைவி அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆறு தோட்டாவைவிட என் அம்மாவின் ஒரு வாக்கியம் கனமானது. இதை எங்கள் வகுப்பு முழுவதற்கும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. தீர்ப்பு எப்போது என்று தெரியாது. எதிராகவும் வரலாம் என்று மாமா சொல்கிறார். வரட்டும். அம்மா சொன்னதை இனி யாரும் அழிக்க முடியாது, தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் தொடங்கிவிட்டார். "ஓட்டு எண்ணின மறுநா துப்பாக்கி வந்துரும். இனியாவது அந்த ஆற இடுப்புல வச்சுக்க ஆவுடை."

"குழலிட்ட கேளுங்க" என்றாள் அம்மா.

நான் யோசித்தேன். "நான் வச்சேம்லா மாமா. வச்ச பெறவும் தூக்கம் வரல. ரெண்டு நாள்லயே இன்னும் ஆறு வேணும்னு தோணிச்சு. இருபத்தஞ்சையும் வச்சாலும் தோணும். அம்மா ஓடுறதுக்கு ஆறு போதும்."

மாமா என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து அந்தத் துணிப் பட்டியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் பேசுத" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, இட்லிக்கு மாவு வாங்கப் போனார்.

அரை மணி நேரம் ஆகிறது. அம்மா முன்னறையில் மஸ்கட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொல்கிறாள், அப்பாவின் குரல் இங்கே வரை கேட்கிறது. நான் இன்று என் அறையில்தான் படுக்கப் போகிறேன். மின்விசிறி இங்கேயும் நன்றாகத்தான் சுற்றுகி

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். மாமாவிடம் சாவி இருக்கிறது, அவர் தட்டமாட்டார். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். நாற்காலி நகர்கிறது. "குழலி, நீ உள்ளயே இரு" என்கிறாள். இருக்க மாட்டேன். வீட்டில் ஒரு தோட்டாகூட இல்லை, நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். மறுபடியும் தட்டு